மூச்சு முதலில் திரும்பும், முட்டி பிறகுதான்: சுங்கை சிப்புட்டிலிருந்து தாசேக்குக்கு மீண்டும் சைக்கிளில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லிந்தாங் சாலைப் பக்கம் உள்ள எங்கள் வீட்டு வாசலிலிருந்து, ஈப்போவின் தாசேக் தொழிற்பேட்டையில் நான் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் தொழிற்சாலையின் வாயிற்கதவு வரை 23 கிலோமீட்டர். 2013 முதல் 2020 வரை வாரத்தில் மூன்று நாள் இந்தத் தூரத்தைச் சைக்கிளில் போய், சைக்கிளிலேயே திரும்பினேன். காலையில் 55 நிமிடம் பிடிக்கும். மாலையில் எதிர்க்காற்று இருந்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம் என்ற நினைப்பில் சைக்கிளைக் கொட்டகையில் சாய்த்து வைத்தேன். அதை மறுபடி வெளியே எடுத்தபோது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. எனக்கு 49 வயது ஆகியிருந்தது.

எடுக்க வைத்தது சுகாதாரக் கிளினிக்கில் கிடைத்த ஒரு தாள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்து மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தேன். 2024 தொடக்கத்தில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 8.4 விழுக்காடு என்று வந்தது. 71 கிலோவாக இருந்த எடை 86 ஆகியிருந்தது. மருத்துவர் கிளிக்லசைட் என்ற இன்னொரு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அந்த அளவு இன்னும் கூடுதல். எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் மாத்திரை டப்பா ஒன்று இருக்கும் என்பதால், எனக்கு அந்த எண் வியப்பாக இல்லை. எனக்கு வலித்தது வேறொன்று. 2019இல் 23 கிலோமீட்டர் மிதித்துவிட்டு எட்டு மணி நேரம் இயந்திரங்களுக்கு நடுவே நின்ற அதே மனிதன், இப்போது தொழிற்சாலையின் இரண்டாம் மாடிக்கு ஏறியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான்.

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய வாரத்தில், டயருக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, முழுத் தூரத்தையும் மிதித்தேன். நான் செய்த பெரிய தவறு இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கால்களுக்கு அந்தச் சாலை நினைவிருந்தது. முதல் எட்டு கிலோமீட்டர் எனக்கே பெருமையாக இருந்தது. பழைய நாட்களில் எந்தக் கியரில் ஏறினேனோ அதே கியரில் ஏறினேன், எந்த மரத்தடியில் தண்ணீர் குடித்தேனோ அங்கேதான் குடித்தேன். வழியில் உள்ள சிம்மோரைத் தாண்டும்போது தொடைகள் கல்லாகின. தாசேக்குக்குப் போய்ச் சேர ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அன்றைக்கு மாலை திரும்பியதும், மறுநாள் வீம்புக்கு மீண்டும் போனதும் சேர்ந்து, மூன்றாம் நாள் காலையில் இடது முட்டி வீங்கியிருந்தது. சிரட்டைக்குக் கீழே விரல் வைத்தால் சுருக்கென்றது. மூன்று வாரம் படி ஏறவே சிரமப்பட்டேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் இரண்டு விஷயங்கள் புரிந்தன. முதலாவது, நான் கொட்டகையில் வைத்த சைக்கிளும் எடுத்த சைக்கிளும் ஒன்றல்ல. இடையில் என் மகன் அதை எடுத்துக் கடைக்குப் போய் வந்திருக்கிறான். அவன் உயரத்துக்கு ஏற்ப இருக்கையை இரண்டு விரற்கடை இறக்கியிருக்கிறான். நான் பார்க்கவேயில்லை. இருக்கை தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மேல் மடங்கி, சிரட்டைக்குப் பின்னால் அழுத்தம் கூடும். முன்பக்க முட்டி வலிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இருக்கை மிக உயர்ந்திருந்தால் வலி பெரும்பாலும் முட்டியின் பின்பக்கம் வரும், இடுப்பும் இருக்கையின்மேல் பக்கவாட்டில் ஆடும். வீட்டிலேயே சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் அமர்ந்து, குதிகாலைப் பெடலின்மேல் வைத்து அதைக் கீழே கொண்டுபோனால் கால் முழுதாக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைக்கும்போது முட்டியில் இலேசான மடிப்பு தானாகவே இருக்கும்.

நகரத்தில் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் இதைச் செய்து காட்டினார். இருக்கைத் தண்டு துருப்பிடித்துச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், எண்ணெய் விட்டு ஒரு நாள் முழுக்க ஊறவைத்துத்தான் அவரால் அதை அசைக்க முடிந்தது. டயரின் பக்கச் சுவரில் நான் கவனிக்காத வெடிப்புகளையும் அவர் காட்டினார். நான்கு ஆண்டு நின்ற வண்டியின் ரப்பர், பார்வைக்குத் தேயாமல் இருந்தாலும் கெட்டுப்போயிருக்கும். டயர் இரண்டு, பிரேக் கம்பிகள், பிரேக் கட்டைகள், சங்கிலி எல்லாவற்றையும் மாற்றினேன். மனிதன் பழையவன், வண்டியாவது புதிதாக இருக்கட்டும் என்றார் அந்தக் கடை முதலாளி, எங்கள் வழக்கில் தவுக்கே, மலாயில், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இரண்டாவது விஷயம் முட்டியைவிட முக்கியமானது. நீண்ட நாள் நிறுத்திய உடலில் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. பயிற்சியை நிறுத்தினால் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. பயிற்சியைத் தொடங்கினால் முதலில் கூடுவதும் அதுதான். ஒன்றிரண்டு வாரத்திலேயே அது கூடிவிடும். அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றும், மூச்சு இலகுவாகும், நமக்கும் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். மூச்சு தயார் என்று சொல்லும் நாளுக்கும் முட்டி தயார் என்று சொல்லும் நாளுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்கள் விழுகிறோம். முன்பு மிதித்தவனுக்கு இந்த ஆபத்து புதியவனைவிட அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் புதியவனிடம் பழைய கணக்கு எதுவும் இல்லை.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, சைக்கிளில் போவார். வேலை முடிந்து திரும்பும்போது பின்னால் வாளிகள் தொங்கும். அவர் வேகமாக மிதித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மேட்டில் மூச்சு வாங்கினால் கூச்சமின்றி இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார். நாளைக்கும் நாளை மறுநாளும் அதே மேட்டில் ஏறவேண்டியவரின் நடை அது. பந்தயத்துக்குத் தயாராகிறவர் ஒரு நாளை இலக்காக வைத்து உடம்பைப் பிழியலாம். வேலைக்குப் போகிறவர் போய்ச் சேர்ந்த பிறகு எட்டு மணி நேரம் உழைக்க வேண்டும், மாலையில் திரும்ப வேண்டும், மறுநாள் எழவும் வேண்டும்.

மார்ச் நடுவில் மீண்டும் தொடங்கியபோது தூரத்தைக் கணக்கிடுவதையே விட்டுவிட்டு நேரத்தை மட்டும் பார்த்தேன். மாலையில் இருபது நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள், வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில். அங்கே லோரி இல்லை, பார்ப்பவர் இல்லை, போட்டியும் இல்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்ல வேண்டும். வெட்டிப்போட்ட மட்டைகளின் முள் டியூபைச் சத்தமின்றித் துளைக்கும். நான் முதல் மாதத்தில் மூன்று முறை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆறு மணிக்கு மேல் தோட்டத்து நாய்கள் கூட்டமாகப் பாதைக்கு வரும். அப்போது வேகத்தைக் கூட்டாமல், இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்து கடப்பதே எனக்குப் பயன்பட்டது.

எவ்வளவு கடினமாக மிதிப்பது என்பதற்கு என்னிடம் இருந்த அளவுகோல் பேச்சுதான். பக்கத்து வீட்டுப் பையன், படிவம் ஐந்து மாணவன், சில நாட்கள் கூட வருவான். பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டே வருவான். நான் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிகிற வரைக்கும் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் அவனே, “மாமா, மெதுவா போலாம்” என்பான். இதயத் துடிப்பை அளக்கும் கடிகாரம் வைத்திருப்போர் 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்துத் தங்கள் உச்சத் துடிப்பைத் தோராயமாக அறியலாம். எனக்கு அது 174 அளவில் வருகிறது. பேச முடிகிற வேகத்தில் என் துடிப்பு 115 முதல் 125 வரை இருந்தது. அது தோராயம்தான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் மாறலாம் என்பதால், எண்ணும் பேச்சும் முரண்பட்டால் நான் பேச்சையே நம்பினேன்.

கியர் விஷயத்திலும் பழக்கத்தை மாற்றினேன். இளம் வயதில் கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதை வலிமை என்று நினைத்திருந்தேன். அந்த அழுத்தம் முழுவதும் முட்டியில்தான் இறங்குகிறது. இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் சுழற்றினால் அதே வேகத்தில் முட்டிக்கு வரும் சுமை குறைகிறது. பதிலுக்கு மூச்சு சற்றுக் கூடுதலாக உழைக்கும். மூச்சுதான் விரைவில் திரும்புகிறது என்றால் சுமையை அதன்மேல் மாற்றுவதுதானே முறை? எண்ணுவது எளிது: வலது முட்டி மேலே வருவதைப் பதினைந்து விநாடிக்கு எண்ணினால் இருபது வர வேண்டும். முதலில் கால் வெறுமனே சுற்றுவது போலத் தோன்றும்; மூன்று வாரத்தில் அது பழகிவிட்டது.

வாரந்தோறும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஐந்து நிமிடம் கூட்டினேன், நான்காவது வாரம் மொத்த நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். அந்த நான்காவது வாரம் சோம்பல் போலத் தோன்றினாலும், அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. மே மாத நடுவில் 45 நிமிடம் சிரமமின்றி மிதிக்க முடிந்தது. மூச்சு முழுத் தூரத்துக்கும் தயார் என்று அப்போதே சொல்லிவிட்டது. இம்முறை நான் அதைக் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு செய்த ஏற்பாட்டைத்தான், நெடுந்தூர வேலைக்குச் சைக்கிளில் போக விரும்பும் எவருக்கும் முதலில் பரிந்துரைப்பேன். எங்கள் ஊரிலிருந்தே தாசேக்குக்கு வரும் சக ஊழியர் ஒருவரிடம் ஹைலக்ஸ் என்ற திறந்த பின்தட்டு வண்டி இருக்கிறது. வயதில் எனக்கு இளையவர், என்னை அண்ணே என்றுதான் அழைப்பார். பெட்ரோலுக்குப் பங்கு கொடுக்கிறேன் என்று சொல்லி, செவ்வாயும் வியாழனும் சைக்கிளை அவர் வண்டியின் பின்னால் ஏற்றி, சிம்மோரில் இறங்கிக்கொண்டேன். அங்கிருந்து தாசேக் வரை மட்டும் மிதித்தேன். மாலையில் அவரோடு முழுத் தூரமும் வண்டியிலேயே திரும்பினேன். இரண்டு வாரம் கழித்து, வீட்டுக்கு இன்னும் அருகில் உள்ள கந்தானில் இறங்கினேன். அதற்கும் இரண்டு வாரம் கழித்து வீட்டிலிருந்தே மிதித்தேன். முழு வழியையும் மிதிக்கத் தொடங்கியபோது சைக்கிளைத் தொழிற்சாலையிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தேன்: திங்கட்கிழமை காலை சைக்கிளில் போவேன், மாலை வண்டியில் திரும்புவேன், செவ்வாய் காலை வண்டியில் போய், மாலை சைக்கிளில் திரும்புவேன். இரண்டு நாளில் ஒரு முழுச் சுற்று முடியும். ஒவ்வொரு மிதிக்கும் இடையே ஒரு நாளைக்கு மேல் ஓய்வு கிடைக்கும். ஒரே நாளில் போய்வருவதற்கும் இதற்கும் தூரம் ஒன்றுதான், ஆனால் முட்டிக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. ஏறத்தாழ ஒன்றரை மாதம் இப்படியே ஓட்டினேன். சக ஊழியர் இல்லாதவர்கள் பேருந்தையோ மோட்டார் சைக்கிளையோ வைத்து இதே கணக்கைப் போடலாம்.

சாலையைப் பற்றி. சுங்கை சிப்புட்டையும் ஈப்போவையும் இணைப்பது கூட்டரசு முதலாம் எண் சாலை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் வேறு வழி கிடையாது. செங்குத்தான மேடுகள் இல்லை, ஆனால் கந்தான் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய பகுதியில் கல்லும் சிமெண்டும் ஏற்றிய லோரிகள் ஓயாமல் ஓடும். லோரி கடந்து போகும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், பின்பகுதி கடந்ததும் உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கையைத் தளர்த்தி, நேராகவே போக வேண்டும். பயந்து சாலையின் விளிம்பிலேயே போவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். விளிம்பில் தார் முடியும் இடத்தில் நான்கு விரல் பள்ளம் இருக்கும். சக்கரம் அதில் இறங்கினால் மீண்டும் ஏறும்போதுதான் விழுவோம். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் அகலமாக இருக்கும் இடத்தில் அதன் நடுவில் போவேன். பாலங்களில் அந்த இடம் சுருங்கும்போது, முன்கூட்டியே திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, கோட்டுக்கு உள்ளே வந்துவிடுவேன். மழையில் அந்த வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது, வழுக்கும்.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டதிலிருந்து, நமக்கு விடிவது ஏழு மணிக்கு மேல்தான். எட்டு மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டியவர் ஆறே கால் மணிக்குக் கிளம்பினால் முதல் முக்கால் மணி நேரம் விளக்கோடுதான் போயாக வேண்டும். பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறேன். ஒன்று பழுதானால் நமக்குத் தெரியவே தெரியாது என்பதால்தான் இரண்டு. ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையைக் கணுக்காலில் கட்டுவது முதுகில் போடும் உடுப்பைவிடப் பயன் தருகிறது, ஏனெனில் அது மேலும் கீழும் அசைவதால் ஓட்டுநருக்கு இது சைக்கிள் என்று தொலைவிலிருந்தே புரிந்துவிடும்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நடந்ததை, மாத்திரை சாப்பிடும் நண்பர்களுக்காகவே எழுதுகிறேன். அன்று எழத் தாமதமாகிவிட்டதால், வேலையிடத்தில் பசியாறிக்கொள்ளலாம் என்று நினைத்து, மாத்திரைகளை மட்டும் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பினேன். கந்தானை நெருங்கும்போது கை நடுங்கியது. குளிர்ந்த காலையில் வியர்வை சட்டையை நனைத்தது. எதிரே வந்த லோரியின் விளக்கு இரண்டாகத் தெரிந்தபோதுதான் இது களைப்பல்ல என்று உறைத்தது. சாலையோரத்தில் நாசி லெமாக் விற்கும் மலாய் அம்மா ஒருவரின் மேசைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, சீனி கரண்டி கரண்டியாகப் போட்டுத் தே ஓ என்ற பாலில்லாத தேநீர் கலக்கிக் கொடுத்தார். குடித்து ஒரு கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. காசு வாங்க மறுத்துவிட்டார். இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நின்று ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் போகிறேன்.

கிளினிக்கில் மருத்துவர் விளக்கியது இது: மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது, கிளிக்லசைட் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவதால், அதைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கும், அதன்மேல் தசைகளும் உழைத்துச் சர்க்கரையை இழுத்துக்கொண்டால் இன்னும் வேகமாக இறங்கும். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் அது இறங்கலாம் என்பதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. இப்போது கிளம்புவதற்கு முன் விரலில் குத்திப் பார்க்கிறேன். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் குறைவாக இருந்தால் இரண்டு ரொட்டித் துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் சைக்கிளைத் தொடுவேன். 4க்குக் குறைந்தால் சிகிச்சை தேவை: 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. இன்சுலினோ இவ்வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சைக்கிளைத் துடைப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று கேட்டுவிடுங்கள். நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான்கு மாதம் கழித்துக் கேட்டேன்.

மாலைப் பயணத்தின் சிக்கல் வெப்பம். காலையில் மட்டும் மிதித்துப் பழகிய உடம்பு, ஐந்தரை மணிக்குத் தார் கக்கும் சூட்டில் வேறு உடம்பாகிவிடும். வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். அந்தப் பழக்கம் வெயிலில் போனால்தான் வரும், குளிரூட்டிய அறையில் வராது. முதல் இரண்டு வாரம் மாலையில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். எவ்வளவு தண்ணீர் தேவை என்பதை எடைக் கருவி சொல்லிவிடும். ஒரு மாலை கிளம்புமுன் தொழிற்சாலைக் கிடங்கின் தராசில் நின்றேன், வீட்டுக்கு வந்து உடை மாற்றி மறுபடி நின்றேன்: 1.1 கிலோ குறைந்திருந்தது, வழியில் 600 மில்லிலிட்டர் குடித்திருந்தேன். இரண்டு தராசுக்கும் சிறு வேறுபாடு இருக்கும் என்றாலும், ஒன்றரை லிட்டருக்கு மேல் வியர்வையாகப் போனது என்று தெரிந்தது. ஒரு புட்டி போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அன்றிலிருந்து இரண்டு புட்டி எடுத்துப் போகிறேன், ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை கலந்த விளையாட்டுப் பானங்கள் என் நோய்க்கு எல்லா நாளும் ஏற்றவையல்ல.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழை வழக்கம். மழையில் நனையலாம், மின்னலில் நிற்கக் கூடாது. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் அருகில் உள்ள கடைக்குள் போய்விடுவேன்; கடைசி இடி கேட்டு அரை மணி கழித்தே கிளம்புவேன். நோன்பு மாதத்தில் மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை எல்லோரும் வீட்டுக்கு விரையும் நேரம் என்பதால், அந்த ஒரு மணி நேரம் சாலையில் இருப்பதைத் தவிர்க்கிறேன்.

இருக்கைப் புண்ணுக்கு, பஞ்சு வைத்த கால்சட்டையும், உள்ளே வேறு எதுவும் அணியாமல் இருப்பதும், போய்ச் சேர்ந்ததும் உடனே கழற்றிக் கழுவுவதும் போதும். கை மரத்துப் போனால் கைப்பிடியில் பிடிக்கும் இடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றவும். இவற்றில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை.

ஓய்வைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் நாடித் துடிப்பை எண்ணி நாட்காட்டியில் குறித்து வருகிறேன். மார்ச்சில் 78 இருந்தது, செப்டம்பரில் 64 ஆயிற்று. இதன் உண்மையான பயன் வேறு: வழக்கத்தைவிட ஏழு எட்டுத் துடிப்பு கூடியிருந்தால், முந்தைய நாள் கூடுதல் நேர வேலையோ, தூக்கக் குறைவோ, வரவிருக்கும் காய்ச்சலோ இருக்கிறது என்று பொருள். அன்று காரில் போவேன். ஆரம்பத்தில் இது தோல்வி போல இருந்தது. “நாட்காட்டியில சைக்கிள் நாள் மட்டுமா குறிக்கிறீங்க? கார் நாளையும் குறிங்க, ரெண்டும் நீங்க செஞ்ச முடிவுதானே” என்று என் மனைவி சொன்ன பிறகு, இரண்டையும் குறிக்கத் தொடங்கினேன். அதைப் பார்த்தால்தான் தெரிகிறது: கார் நாட்களைச் சரியாக எடுத்த மாதங்களில்தான் சைக்கிள் நாட்கள் அதிகம்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில், ஒரே நாளில் போய், அதே நாள் சைக்கிளிலேயே திரும்பினேன். போக 74 நிமிடம், வர 81 நிமிடம். பழைய 55 நிமிடத்தை நான் தேடவில்லை. காலையில் இருபது நிமிடம் முன்னால் கிளம்பினால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. இப்போது வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன். அடுத்தடுத்த இரண்டு நாள் வராமல் பார்த்துக்கொள்கிறேன். அக்டோபரில் எச்பிஏ1சி 6.9 என்று வந்தது, எடை 79. மருத்துவர் கிளிக்லசைட்டின் அளவைப் பாதியாக்கினார். உணவிலும் மாற்றங்கள் செய்திருந்தேன் என்பதால், முழுப் பெருமையையும் சைக்கிளுக்குக் கொடுக்க முடியாது.

இருக்கைத் தண்டில் சரியான உயரத்தில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மகன் எத்தனை முறை இறக்கினாலும் கோட்டைப் பார்த்து அரை நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

தீபாவளிக்கு முன் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தேன். அதோடு விடுமுறையும் சேர்ந்து, பதினைந்து நாள் சைக்கிளைத் தொடவில்லை. வேலை தொடங்கிய நாள் காலையில் உடம்பு நன்றாகவே இருந்தது, மூச்சும் சீராக இருந்தது. சைக்கிளைத் தூக்கி ஹைலக்ஸில் வைத்தேன். “எங்கண்ணே, முழுசா மிதிக்கலையா?” என்று கேட்டார் தம்பி. சிம்மோரில் இறக்கிவிடச் சொன்னேன்.